மகளின் பெயரில் ஒரு பேணி

ஸம்ஸியாவுக்குச் சந்தேகம் வந்தது, அந்தக் கொழும்புப் பெண், மகள் ஜுனைதாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்த நிமிடத்தில்தான்.

அதற்கு முன்னால் அவள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டாள். வீடு தேடி வந்த பெண்ணுக்குப் புதுப் பாய் விரித்தாள். இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் கொடுத்தாள். மருதமுனை முழுக்க அந்த வாரம் டாக்டர்ப் பிள்ளைகளைப் பற்றிய கதைதான். கொழும்பில் டாக்டருக்குப் படிக்கிற நான்கு பேர், மூன்று ஆண்களும் ஒரு பெண்ணுமாக, லீவு நாட்களில் தூர ஊர்களுக்குப் போய்க் காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பதென்று கிளம்பி வந்திருந்தார்கள். விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து, வாங்குப் பலகைகளைச் சேர்த்துப்போட்டு அதையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். கல்முனையிலிருந்து ஒரு வயதான டாக்டர் இடைக்கிடை வந்து, பிள்ளைகள் செய்வது சரிதானா என்று பார்த்துவிட்டுப் போவார்.

ஊர் அவர்களை நம்பவில்லை. நம்பாமலே போய் வரிசையில் நின்றது. சும்மா கொடுக்கிற மருந்தில் சாராயம் கலந்திருக்கிறது என்றார்கள். விரலைக் குத்தி எடுக்கிற இரத்தம் கப்பலில் போகிறது என்றார்கள். சொல்லிவிட்டு மறுநாள் போய் விரலையும் நீட்டினார்கள்.

வைத்தியத்துக்கென்று பள்ளிக்கூடத்துக்குப் போகாத பெண்களை வீட்டிலேயே பார்க்கத்தான் நதீரா வந்திருந்தாள். அந்த நால்வரில் ஒரே பெண். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் ஒரு தோல் பை. ஜுனைதாவின் இமையைப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். எழுந்து கதவு வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னாள். முதுகில் குழலை வைத்து மூச்சு இழுக்கச் சொன்னாள்.

"இருமல் கன நாளா ஈக்கிதா?" என்று கேட்டாள்.

"மழைக்குள்ள ஒரு காய்ச்சல் வந்தது. அதோட வந்த இருமல்" என்றாள் ஜுனைதா.

"இந்த வளவுல யாரெல்லாம் ஈக்கிற? நீங்க யாரோட படுக்கிற?"

ஸம்ஸியாவின் கை தேநீர்க் கோப்பையிலேயே நின்றுவிட்டது. இமை, நகம், பல், நடை. இப்போது யார் யாரோடு படுப்பது என்ற கேள்வி. இதில் எது வைத்தியம்?

அந்தப் பக்கத்தில் பெண் எடுக்கிறவர்களின் வழக்கம் அவளுக்குத் தெரியாததா? மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொண்டு ஒரு தரம் வருவார்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ, சொல்லாமல் ஒருத்தியை அனுப்புவார்கள். அவள் வழி தவறி வந்தவளாக வருவாள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவளாக வருவாள். ஸம்ஸியாவே தன் தம்பிக்குப் பெண் பார்த்தபோது பாய் வாங்குகிறவளாக நிந்தவூருக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெண்ணைக் கிணற்றடி வரைக்கும் நடக்க வைத்தாள், ஊசியில் நூல் கோக்க வைத்துக் கண்ணைப் பார்த்தாள், ஏதோ பகிடி சொல்லிச் சிரிக்க வைத்துப் பல்லைப் பார்த்தாள். வாங்கிய பாய் இன்னும் வீட்டில் கிடக்கிறது.

"நீங்க எங்க புள்ள தங்கியிரிக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆம்புளப் புள்ளைகள் பள்ளிக்கூடத்துல. நான் சாய்ந்தமருதுல, சித்தி லைலா ராத்தாட ஊட்டுல. வண்டியில வந்து போறேன்."

அவ்வளவுதான். ஸம்ஸியாவுக்கு எல்லாம் வெளித்துவிட்டது.

சித்தி லைலா என்ற பெயருடையவள் வேறு யாருமல்ல. ஜுனைதாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை மக்கீனின் மூத்த சகோதரி. தாய் இல்லாத மக்கீனை வளர்த்தவள். இந்தக் கலியாணத்தில் ஓம் என்பதும் இல்லை என்பதும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

நதீரா பையைத் திறந்து, மூடி போட்ட ஒரு சின்னத் தகரப் பேணியை எடுத்தாள். அதில் ஜுனைதாவின் பெயரை எழுதி ஒட்டினாள்.

"காலையில எழும்பின உடன, வாய் கொப்பளிக்க முந்தி, நல்லா இருமி அந்தச் சளிய இதுல துப்பிக் கொண்டு வந்து தாங்க. பயப்பட ஒண்டும் இல்ல. பாத்துக்கிட்டா நல்லந்தானே."

வண்டி தெருமுனையில் மறையும் வரைக்கும் ஸம்ஸியா வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவளுடைய கணவன் அச்சிமுகம்மது சந்தையிலிருந்து வந்தான். ஸம்ஸியா நெய்கிற சாரங்களைக் கல்முனைச் சந்தையில் விற்பது அவன் வேலை. மக்கீனை அவனுக்கு மிகவும் பிடிக்கும். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் வாத்தியாருக்குப் படிக்கிற அந்தப் பையன், ஜுனைதா பேச்சு அடிபடத் தொடங்கிய நாளிலிருந்து, லீவுக்கு வரும்போதெல்லாம் இவன் கடைக்கு வந்து சாரம் வாங்குவான். ஒரு இடுப்பு உள்ள மனிதனுக்கு இத்தனை சாரம் எதற்கு என்று அச்சிமுகம்மது கேட்டதே இல்லை.

"அவ டாக்டர் இல்ல" என்றாள் ஸம்ஸியா.

"யாரு?"

"அந்தக் கொழும்புக்காரி. அவ பாத்தது டாக்டர் பார்வை இல்ல, மாப்பிள்ளை வீட்டுப் பார்வை. சித்தி லைலாட சோத்தத் திண்டுட்டு வந்து என்ட மகள்ட பல்ல எண்ணிட்டுப் போறா."

"பொண்ணு பாக்குறதுக்கு டாக்டருக்குப் படிக்க வைக்கிறாங்களாகா? செலவு கூடின வேலையா இரிக்கே."

"உங்களுக்கு எல்லாம் பகிடி. ஊட்டுக்கு ஓடு போட்டாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப சளி கேக்குறா. இருமலுக்கு ஒரு பேர வச்சி, புள்ள நோயாளி எண்டு சொல்லி, கலியாணத்த முறிச்சா?"

"அப்ப குடுக்காம உடு."

"குடுக்காட்டி மறைக்கிறாங்க எண்டு சொல்லுவா!"

அச்சிமுகம்மது துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். மனைவி இரண்டு பக்கமும் கதவை அடைத்துக்கொண்டு பேசும்போது அவன் கிணற்றடிக்குப் போய்விடுவது வழக்கம்.

வேலிக்குள், வளவின் நடுவில், ஜுனைதாவுக்காகக் கட்டிய புதுவீடு வெள்ளை பூசி நின்றது. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். பெண்ணின் தாயும் தகப்பனும் வளவின் மூலையில் ஒதுங்கிக்கொள்வார்கள். ஸம்ஸியா இன்னும் ஒதுங்கவில்லை. மகளும் அவளும் அந்தப் புதுவீட்டின் உள்ளறையில் ஒரே பாயில் படுத்தார்கள். கலியாணத்துக்குப் பிறகு இந்த அணைப்பு கிடைக்காதே என்று அவள்தான் மகளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அவள் பேணியை எடுத்துக்கொண்டு தறிக்கொட்டிலுக்குப் போனாள். கொடுக்கவும் வேண்டும், குற்றம் வரவும் கூடாது. அதற்கு ஒரு வழிதான் இருந்தது. நன்றாக இருமி, தன் சளியை அதில் துப்பி, மூடியை இறுக்கினாள். அவளுக்கும் இருமல் உண்டுதான். மருதமுனையில் தறியில் குந்துகிற யாருக்குத்தான் இருமல் இல்லை? நூல் தும்பு மூக்கில் ஏறும், தொண்டையில் இறங்கும், இருமினால் போய்விடும். கொஞ்சம் மெலிந்திருந்தாள், கலியாண வேலையில் எந்தத் தாய்தான் மெலியவில்லை? மற்றப்படி அவள் மலை மாதிரி. ஒரு மூடை நெல்லை ஒற்றையாய் நின்று குற்றுவாள்.

'இதுல குத்தம் கண்டு புடிக்கட்டும் பாப்பம்' என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். வெளி விறாந்தையில், நால்வரில் ஒருவனான தம்பிலுவில் ஊர்ப் பையன் குணம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் உள்ளே புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். சன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் ஒரு மேசை. அதன்மேல் கறுப்பாக ஒரு கருவி, குனிந்து பார்க்கிற குழாயும் அடியில் ஒரு சின்னக் கண்ணாடியுமாக.

வலைக்காரர் முகம்மது தம்பி வெறும் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தச் செவத்த மருந்து இன்னும் கொஞ்சம் ஊத்து மகன். நல்ல மருந்து."

"இப்ப பசி எடுக்குதா அப்பா?"

"எடுக்குது எண்டு கேக்குறியா? என்ட மாடு இப்ப வைக்கோல் ஒண்டும் மிச்சம் வைக்கிறல்ல."

வரிசை வெடித்துச் சிரித்தது. குணமும் சிரித்தான். "மாட்டுக்கா குடுத்தீங்க?"

"புதுச் சாமான்தானே. முதல்ல அது குடிச்சிப் பாக்கட்டும் எண்டு உட்டன். அது சாகல்ல. இப்ப எனக்கு ஊத்து."

ஸம்ஸியா சிரிக்கவில்லை. அவள் கண் உள்ளே இருந்தது. மாணவர்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்த அடுக்குச் சட்டியோடு சித்தி லைலா நின்றுகொண்டிருந்தாள். தடித்த, நிமிர்ந்த பெண். சாய்ந்தமருதுத் தலைமை வாத்தியாரின் மனைவி என்ற எடுப்பு நடையிலேயே தெரியும். அவள் நதீராவின் காதருகே குனிந்து என்னவோ கேட்டாள். நதீரா தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டாள். நதீரா மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

'கணக்கு ஒப்புவிக்கிறா' என்று ஸம்ஸியா முடிவு கட்டினாள்.

பேணியைக் குணத்தின் கையில் கொடுக்கும்போது அவளுக்கு இருமல் வந்தது.

"மாமி, உங்களுக்கும் இருமல் கிடக்குப் போல. நீங்களும் ஒரு பேணி தாங்களன்."

"இது தறிக்காரிகள்ட இருமல், தம்பி. எனக்கு ஒண்டுமில்ல. நான் குடுக்க வந்தது மகள்ட."

"மகளும் வந்திருக்கலாமே."

"கலியாணம் பேசின புள்ள தெருவுல வாறல்ல" என்று சொல்லிவிட்டு, சித்தி லைலா பார்க்கும் முன்னர் படி இறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து நதீராவும் குணமும் வீட்டுக்கு வந்தபோது ஸம்ஸியா தறியில் இருந்தாள். ஜுனைதா பக்கத்து வீட்டில் நூல் சுற்றப் போயிருந்தாள். அது நல்லது என்பதுபோல நதீரா சுற்றிலும் பார்த்துக்கொண்டாள்.

"மாமி, உங்களோட மட்டும் கதைக்கணும்" என்றாள்.

குணம் வாசலிலேயே நின்றுகொண்டான். நதீரா தறிக் கட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஸம்ஸியாவின் கையைப் பிடித்தாள்.

"ஜுனைதாட சளியில கசத்துக் கிருமி ஈக்கிது. ரெண்டு தரம் பாத்த. கல்முனை டாக்டரும் பாத்த."

ஸம்ஸியா அவளையே பார்த்தாள். கசம். காசநோய்க்கான அந்தச் சொல்லுக்கு ஊரில் வேலிகள் கூட ஒதுங்கும். ஆனாலும் அவளுக்குப் பயம் வரவில்லை. வந்தது ஒரு பெரிய நிம்மதி. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவனுக்கு வருகிற நிம்மதி.

"ஜுனைதாட சளியிலயா?" என்று கேட்டாள்.

"ஓம் மாமி. பயப்படாதீங்க. இப்ப ஊசி ஈக்கிது, குளிசை ஈக்கிது, சொகமாகும். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுக்கணும். அதுவரைக்கும் ஒங்கட பாயில படுக்க விடாதீங்க, கோப்பைய வேற வைங்க. கலியாணத்தக் கொஞ்சம் பின்னுக்குப் போடுங்க. நான் ஒருத்தருக்கும் செல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டியா? சொல்லச் சொல்லித்தானே உன்ன அனுப்பின!" ஸம்ஸியா எழுந்துவிட்டாள். "கலியாணத்தப் பின்னுக்குப் போடு, பொறகு உட்டுப் போடு. இதுதானே லைலாட கதை? போ புள்ள. போய்ச் சொல்லு, ஸம்ஸியா மடைச்சி இல்ல எண்டு."

"மாமி, நான்…"

"போ!"

நதீராவின் முகம் சிவந்துபோனது. குணம் வாசலிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்; நதீரா வேண்டாமென்று கை காட்டினாள். இருவரும் போனபிறகு ஸம்ஸியா தறியில் உட்கார்ந்து, பலகையை ஓங்கி ஓங்கி அடித்து நெய்தாள். பொய்க்காரியின் குடுமி அவள் கையில் இருந்தது. இனி இழுக்க வேண்டியதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, அச்சிமுகம்மதுவையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவனுக்குச் சொல்லவில்லை. அவன் முன் விறாந்தையில் தலைமை வாத்தியாரோடு உட்கார்ந்து நெல் விலை கதைத்துக்கொண்டிருக்க, அவள் நேரே உள்ளே போனாள்.

உள்ளே சித்தி லைலாவும் அடுத்த வீட்டுப் பெண்கள் இருவரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆஸ்பத்திரிக்கு வெள்ளி பின்னேரம் விடுமுறை. நதீரா ஒரு மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாட்சிக்கு ஆள் இருப்பது நல்லதாய்ப் போயிற்று என்று ஸம்ஸியா நினைத்தாள்.

"வாங்க மச்சி, இரிங்க" என்று எழுந்தாள் சித்தி லைலா.

"இரிக்க வரல்ல. ஒண்டு கேட்டுட்டுப் போக வந்த. உங்கட ஊட்டுல இரிக்கிற இந்த டாக்டர்ப் புள்ள, என்ட மகளுக்குக் கசம் எண்டு சொல்லிட்டு வந்திரிக்கா. உங்களுக்குத் தெரியும்தானே?"

சித்தி லைலாவின் கையிலிருந்த பாக்குவெட்டி தட்டில் விழுந்தது.

"யாருக்கு? ஜுனைதாவுக்கா? யா அல்லாஹ்!"

"நடிக்காதீங்க. பொய்யெண்டு எனக்குத் தெரியும். எப்பிடித் தெரியும் எண்டு கேளுங்க!" அவள் குரல் உயர்ந்தது. "அந்தப் பேணில இருந்தது என்ட மகள்ட சளியே இல்ல. அது என்ட! நான் துப்பினது! என்னப் பாருங்க எல்லாரும். நானா கசக்காரி? நெல்லுக் குத்துற, தறியடிக்கிற இந்த நானா?"

நெஞ்சில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். அந்த அடியோடு இருமல் கிளம்பியது. அடக்கப் பார்த்தாள்; அது அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பக்கத்தில் தறி இல்லை, பலகைச் சத்தம் இல்லை. அந்த அமைதியான அறையில், தன் இருமல் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதை அவளே முதல் தடவையாகக் கேட்டாள்.

நிமிர்ந்தபோது நதீரா முன்னால் நின்றாள். சோற்றுக் கை சோற்றோடேயே இருந்தது. பொய் பிடிபட்டவளின் முகமாக அது இல்லை.

"மாமி, அது ஒங்கடயா? மெய்யாவா?"

"ஓம்" என்றாள் ஸம்ஸியா. குரல் முன்பு போல எழவில்லை.

"அப்ப கிருமி ஒங்களுக்கு மாமி. ஜுனைதாட சளிய நாங்க இன்னும் பாக்கவே இல்ல."

அடுத்த வீட்டுப் பெண்களில் ஒருத்தி மெல்லத் தன் பாயைப் பின்னுக்கு இழுத்தாள். ஸம்ஸியா அதைப் பார்த்தாள். சித்தி லைலாவின் வெளிறிய முகத்தையும் பார்த்தாள். நதீராவைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. வண்டி பிடித்து வந்து, சாட்சி வைத்து, தன் வாயாலேயே சொன்னவள் அவள்தான்.

"நீங்க ரெண்டு பேரும் போங்ககா" என்றாள் சித்தி லைலா. "இஞ்ச கேட்டத இஞ்சயே வச்சிட்டுப் போங்க. வெளியில ஒரு சொல்லுக் கேட்டா யாரு சொன்ன எண்டு எனக்குத் தெரியும்."

அவர்கள் போனார்கள். ஸம்ஸியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் புள்ளையிட்ட நான் கேட்டது மெய்தான், மச்சி" என்றாள் சித்தி லைலா. "பொண்ணு எப்பிடி, ஒடம்பு எப்பிடி எண்டு பள்ளிக்கூடத்துல வச்சும் கேட்டன், ஊட்டுல வச்சும் கேட்டன். என்ட சோத்தத் திண்டுட்டு எனக்கே வாய் தொறக்க மாட்டன் எண்டுட்டா. எனக்கு நல்ல கோவம். அப்பவே விளங்கியிருக்கணும், என்னமோ இரிக்கி எண்டு."

"எனக்கு எண்டா எனக்கு. அவளுக்கு ஒண்டுமில்ல, மச்சி. அத நீங்க நம்போணும்."

"நீங்க பேணி மாத்தினவங்க. நான் எத நம்புற?"

ஸம்ஸியா அவிழ்ந்த முக்காட்டை இழுத்துப் போட்டாள். ஊரில் எல்லோரையும் நம்பாமல் இருந்த அவளை நம்பாமல் இருக்க இப்போது ஒருத்தி இருந்தாள், அதுவும் நியாயத்தோடு.

"நாளைக்கு ஜுனைதா வரட்டும்" என்றாள் சித்தி லைலா. "என்ட கண்ணுக்கு முன்னால துப்பட்டும். லீவுல வந்து நிக்கிற மக்கீன்ட நான் எல்லாத்தையும் சொல்லப் போறன். மறைச்சிக் கட்டி வைக்க என்னால ஏலாது."

வீட்டுக்கு வந்து ஸம்ஸியா மகளிடம் சொன்னாள். சொல்லும்போது வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றாள், கிட்டப் போகவில்லை. ஜுனைதா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் என்டயத் தந்திருப்பனே உம்மா."

"உனக்குக் கசம் எண்டு வந்திருந்தா?"

"இரிக்கிறதுதானே வந்திரிக்கும். மறைச்சி, அவரும் என்ட கோப்பையில குடிச்சி, அவருக்கும் வந்திருந்தா?" அவள் அழத் தொடங்கினாள். "நீங்க சாகப் போறீங்களா உம்மா?"

"அந்தக் கொழும்புப் புள்ள சொகமாகும் எண்டுதான் சொல்லுது" என்றாள் ஸம்ஸியா. "அத இனித்தான் நம்பிப் பாக்கணும்."

அன்று அவள் மூலைக் கொட்டிலில் தனியாகப் பாய் விரித்தாள்.

காலையில் பள்ளிக்கூடத்து உள்ளறையில், சித்தி லைலா ஒரு பக்கமும் நதீரா ஒரு பக்கமும் நிற்க, ஜுனைதா பேணியில் துப்பினாள். வெட்கத்தில் அவள் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. குணம் அதை வாங்கி, கண்ணாடித் துண்டில் தடவி, விளக்கில் காட்டி, சாயம் ஊற்றத் தொடங்கினான்.

"தம்பி, என்டதும் இன்னும் கிடக்கா?" என்று கேட்டாள் ஸம்ஸியா.

"கிடக்கு மாமி."

"நான் பாக்கணும்."

குணம் நதீராவைப் பார்த்தான். நதீரா தலையசைத்தாள். அவன் அந்தக் கண்ணாடித் துண்டைக் கருவியின் அடியில் வைத்து, சின்னக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, குழாயைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு நகர்ந்தான். ஸம்ஸியா முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு நீலம். அலசித் தோய்த்த சாரத்தின் நீலம். அந்த நீலத்தின்மேல் சின்னச் சின்னதாய், வெட்டிப்போட்ட நூல் முனைகள்போல, சிவப்பு.

"இது தும்பு" என்றாள் நிமிராமல். "நான் எவ்வளவு காலமாத் தின்ன தும்பு."

"தும்பு இதில கிடந்தா பனைமரம் மாதிரித் தெரியும் மாமி" என்றான் குணம். "அந்த மேசையில வேற தறிக்காரங்கட துண்டும் கிடக்கு. ஆருடையதிலயும் இந்தச் சிவப்பு இல்ல. வேணுமெண்டா அதையும் பாருங்க."

அவள் அதையும் பார்த்தாள். ஒன்றல்ல, இருந்த எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். நீலம், நீலம். பிறகு தன்னுடையதைத் திரும்ப வைக்கச் சொன்னாள். சிவப்பு அங்கேயே இருந்தது.

நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"மட்டக்களப்புக்கு எப்ப போகணும்?" என்று நதீராவிடம் கேட்டாள். அது அவள் அந்தப் பெண்ணிடம் சந்தேகமில்லாமல் கேட்ட முதல் கேள்வி.

பதில் சொன்னது சித்தி லைலா.

"மக்கீன்ட எல்லாம் சொன்னன். பேணி மாத்தினதையும் சொன்னன். அவன் ஒண்டுதான் கேட்டான்: மாமிய ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிப் போற? நான் பதில் சொல்ல முந்தி சட்டையப் போட்டுட்டான். கல்முனைக்குக் கார் பேசப் போயிரிக்கான்."

ஜுனைதா தலையைக் குனிந்துகொண்டாள். மக்கீன் மாமியாராகவே எண்ணிச் சொன்ன மாமி என்ற அந்த ஒரு சொல்லை அவள் கேட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"அது அவன்ட மனசு" என்றாள் சித்தி லைலா, குரலை இறுக்கிக்கொண்டு. "நான் அவன வளர்த்தவ. ஜுனைதாடதப் பாத்த பொறகுதான் எனக்கு மத்தக் கதை."

"அது சரிதான் மச்சி" என்றாள் ஸம்ஸியா. "நானா இருந்தாலும் அப்பிடித்தான்."

குணம் புதுக் கண்ணாடித் துண்டைக் கருவியில் வைத்துக் குனிந்தான். நெடுநேரம் பார்த்தான். எழுந்து நதீராவை உட்கார வைத்தான். அவளும் பார்த்தாள். வெளியே வரிசையில் முகம்மது தம்பி யாரோடோ சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்டும் காணல்ல" என்றாள் நதீரா. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "இத மட்டும் வச்சிச் செல்ல ஏலாது. மட்டக்களப்புல இவங்களும் படம் எடுக்கணும். ஆனா இதுல ஒண்டும் இல்ல."

சித்தி லைலா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பெருமூச்சு விட்டு, ஜுனைதாவின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நகரு புள்ள" என்றாள் ஸம்ஸியா. "நான் பாக்கல்ல."

"நாங்க ரெண்டு பேரும் பாத்த மாமி."

"நீங்க பாத்த. நான் பாக்கல்லையே."

நதீரா எழுந்து இடம் விட்டாள். ஸம்ஸியா குனிந்தாள். துண்டை மெல்ல மெல்ல நகர்த்துவது எப்படி என்று குணத்திடம் கேட்டுக்கொண்டாள். தறியிலிருந்து இறக்கிய துணியை மடிக்குமுன் ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, அந்த நீலத்தை மேலிருந்து கீழாகவும், இடமிருந்து வலமாகவும் தேடினாள். கண்ணில் நீர் வந்து மறைத்தது. துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"என்ன நடக்குது அங்க? நாங்க நிக்கிறமா போறமா?" என்று விறாந்தையிலிருந்து முகம்மது தம்பி கத்தினார்.

"கத்தாம இரிங்க முகம்மது தம்பி காக்கா" என்றாள் ஸம்ஸியா, கண்ணை எடுக்காமல். "இன்னும் கரை வரைக்கும் பாக்கல்ல."